தோலுக்குப் பகை தண்ணீர் அல்ல

தோல் பையில் தண்ணீர் படக் கூடாது என்பது நம் வீடுகளில் எழுதாத சட்டம். அழுக்கானால் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். பிறகு எண்ணெயோ கிரீமோ தடவிப் பளபளக்கும்வரை தேய்க்க வேண்டும். பிறகு பிளாஸ்டிக் கவரில் சுற்றி பீரோவில் வைக்க வேண்டும். பை விற்கும் கடைக்காரர் இதைத்தான் சொல்கிறார். பையோடு வரும் சிறிய அட்டையிலும் பெரும்பாலும் இதுதான் அச்சாகியிருக்கிறது. பழைய பைகளை வாங்கி விற்பவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், ‘ஒருநாளும் நனையாத பை’ என்று சொல்லி விலையை ஏற்றுகிறார்கள்.

இந்தச் சட்டம் தவறு. அதனால் விளையும் சேதமும் பெரிது. என் கைக்கு வந்த பழைய ஹேண்ட்பேக்குகளில் தண்ணீரால் கெட்டவை சில உண்டு. எண்ணெயால் கெட்டவை அவற்றைவிட மிக அதிகம். அழுக்கை உள்ளேயே வைத்துக்கொண்டு மேலே மேலே பூசியதால் கறுத்து, பிசுபிசுத்து, தையல் இற்று, பச்சைப் பிசின் கக்கி, கடைசியில் ‘இனி இது தேறாது’ என்று ஒதுக்கப்பட்ட பைகள் அவை. அவற்றில் பலவற்றுக்கு வேண்டியிருந்தது ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீரும், அவசரப்படாமல் உலரவிடும் பொறுமையும்தான்.

தோல் எப்படி உண்டாகிறது என்று பார்த்தாலே இந்தப் பயத்தில் பாதி விலகிவிடும். வாணியம்பாடியிலோ ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ ஒரு பதனிடும் தொழிற்சாலைக்குள் போனால் கால் வைக்கும் இடமெல்லாம் ஈரம். உப்பிட்டு வந்த பச்சைத் தோலை முதலில் ஊறவைக்கிறார்கள். பிறகு சுண்ணாம்பு நீரில் போட்டு மயிரை நீக்குகிறார்கள். சுண்ணாம்பை எடுக்க ஒரு முக்கல், நொதிகளால் இளக்க ஒரு முக்கல், உப்பும் அமிலமும் கலந்த நீரில் இன்னொரு முக்கல். அதற்குப் பிறகுதான் பதனிடும் சரக்கே உள்ளே போகிறது, குரோமியம் உப்பாகவோ மரப்பட்டைச் சாறாகவோ. குரோமியத்தில் பதனிட்டு எடுத்த தோலுக்குத் தொழிலில் ‘வெட் புளூ’ என்றே பெயர். நீல நிறத்தில், ஈரத்தோடேயே அது நாடு விட்டு நாடு கப்பலேறுகிறது. சாயம் ஏற்றுவதும் சுழலும் டிரம்மில், தண்ணீரில்தான். தோலை மென்மையாக்கும் கொழுப்பைக்கூட யாரும் வெறும் எண்ணெயாக அதன் மேல் ஊற்றுவதில்லை. நீரோடு கலக்கும்படி அதைப் பக்குவம் செய்து, டிரம்மில் தோலோடு சேர்த்துச் சுழற்றுகிறார்கள். ஒரு கிலோ பச்சைத் தோலைப் பதனிட்டு முடிக்க ஏறத்தாழ 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. இத்தனை தண்ணீரில் புரண்டு எழுந்த ஒரு பொருளை ஒரு வாளித் தண்ணீர் கொன்றுவிடும் என்று எதை வைத்து நம்புகிறோம்?

குரோம் தோல் சரியாகப் பதமானதா என்று பார்க்கப் பதனிடுபவர்கள் ஒரு துண்டை வெட்டிக் கொதிக்கும் நீரில் போடுகிறார்கள். சுருங்காவிட்டால் தேறியது. பட்டையில் பதனிட்ட தோல் அவ்வளவு சூடு தாங்காது. ஈரமாக இருக்கும்போது சுமார் 70 முதல் 85 டிகிரி செல்சியஸுக்குள் அது சுருங்கத் தொடங்கும். கை பொறுக்கும் வெதுவெதுப்பு இதற்கு வெகு கீழே இருக்கிறது. ஆகவே பயப்பட வேண்டியது சூட்டுக்கு. ஈரத்தோலை வெயிலில் போடுவது, ஹேர் டிரையரைக் காட்டுவது, அயர்ன் பெட்டியை நெருக்குவது ஆகியவைதான் தோலைச் சுருக்கி விறைக்கவைக்கும் செயல்கள். ஆனால் பழி தண்ணீர்மேல் விழுகிறது.

நம் ஊர்க் கிணறுகளே இதற்குச் சாட்சி. கமலை இறைத்த காலத்தில் சாலின் அடியில் தோலால் செய்த வால் தொங்கும். நாள் முழுக்க அது கிணற்றுக்குள் முங்கி மேலே வரும். 20ஆம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் சென்னையில் குரோம் பதனிடும் முறையை ஆல்பிரட் சாட்டர்டன் அறிமுகப்படுத்தினார்.  குரோம் தோலுக்கு அவர் முதலில் கண்ட பயன் கிணற்றில் நீர் இறைக்கும் தோல் சால்கள்தான். பட்டைத் தோலைவிட அது தண்ணீரில் நெடுநாள் உழைக்கும் என்பதே அதன் பெருமை. தோலை நீரில் முக்கியே பிழைத்த ஒரு நாட்டில், ஹேண்ட்பேக்கின் மேல் நாலு துளி விழுந்தால் பதறுகிற வழக்கம் கடைகள் வழியாக வந்து சேர்ந்தது.

பயத்துக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்லவில்லை. லூயி வித்தோன் பைகளின் கைப்பிடியிலும் ஓரங்களிலும் இருப்பது மேற்பூச்சு இல்லாத, பட்டையில் பதனிட்ட வெளிர் மாட்டுத்தோல். புழங்கப் புழங்க அது தேன் நிறமாகும். அதில் ஒரு மழைத்துளி விழுந்தால் கறை நிற்கும். கன்றுத்தோலை இறுக்கி மெருகேற்றிச் செய்யும் ‘பாக்ஸ் காஃப்’ பைகளில் துளி விழுந்த இடம் கொப்புளம்போல் எழும்பும். இவை விலை உயர்ந்த பைகள். அவற்றை வாங்கியவர்கள் பயந்தது நியாயம். அந்த இரண்டு மூன்று வகைத் தோலுக்கான எச்சரிக்கை எல்லாத் தோலுக்குமான விதியாகப் பரவியது.

அந்தக் கறை எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் எதிர்த்தரப்பின் மிகப் பலமான ஆதாரம் இதுதான். துளி விழுந்த இடம் நனைகிறது, சுற்றியுள்ள இடம் உலர்ந்திருக்கிறது. நீர் நடுவிலிருந்து ஓரத்துக்குப் பரவும்போது தோலுக்குள் இருக்கும் உப்பையும் அழுக்கையும் பட்டைச்சாறின் எச்சத்தையும் கரைத்துத் தள்ளிக்கொண்டு போகிறது. ஈரமும் உலர்வும் சந்திக்கும் கோட்டில் அதையெல்லாம் இறக்கிவிட்டுக் காய்ந்து போகிறது. அந்தக் கோடுதான் கறை. அதாவது, கறைக்குக் காரணம் பையின் ஒரு பகுதி மட்டும் நனைந்ததும், உள்ளே அழுக்கு இருந்ததும். பை முழுவதும் ஒரே சீராக நனைந்தால் சந்திக்கும் கோடே இல்லை. துளி பட்டுக் கறையான பையைச் சரிசெய்யவும் அந்தப் பாகம் முழுவதையும் தையலிலிருந்து தையல்வரை சீராக நனைத்து மெல்ல உலர்த்துகிறார்கள். கொஞ்சம் தண்ணீர் கெடுத்ததை நிறையத் தண்ணீர் சரிசெய்கிறது. ‘தண்ணீரே ஆகாது’ என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

நான் நன்றாக அறிந்த உதாரணம் கோச் நிறுவனத்தின் பழைய பைகள். 1941இல் நியூயார்க் நகரத்தின் மன்ஹாட்டனில் ஒரு மாடி அறையில் குடும்பப் பட்டறையாகத் தொடங்கியது அது. பிறகு மைல்ஸ் கான், லிலியன் கான் தம்பதியர் அதை நடத்தினார்கள். பேஸ்பால் கையுறை புழங்கப் புழங்க மெத்தென்று ஆவதைக் கவனித்த மைல்ஸ் கான், அந்த மாதிரித் தோலைக் கைப்பைக்குக் கொண்டுவந்தார். 1962இல் வடிவமைப்பாளராக வந்த பானி காஷின், திருப்பிப் பூட்டும் பித்தளைக் கொக்கியை வைத்தார். மேற்கூரை மடங்கும் காரில் கூரையைப் பிடித்துவைக்கும் கொக்கி அதற்கு முன்மாதிரி. 1985இல் கான் தம்பதியர் நிறுவனத்தை சாரா லீ நிறுவனத்துக்கு விற்றார்கள். அந்தக் காலத்துப் பைகளை உள்ளே திறந்து பார்த்தால் லைனிங் துணி இருக்காது. கனத்த ஒற்றைத் தோல், அதன் பின்புறம் அப்படியே தெரியும். உள்ளே அட்டை வைத்து விறைப்பாக்கும் வேலையும் கிடையாது. மேலே கனத்த பிளாஸ்டிக் பூச்சு இல்லை. மாட்டின் தழும்பும் நரம்புக்கோடும் தெரியும்படி விட்டிருப்பார்கள், அது குறையில்லை என்று பைக்குள்ளேயே அச்சிட்டும் வைத்திருப்பார்கள். கொக்கிகள் பெரும்பாலும் திடமான பித்தளை.

அமெரிக்காவில் இந்தப் பைகளைப் பழையபொருள் கடைகளிலிருந்து மீட்டெடுக்கும் பெண்கள் பல ஆண்டுகளாக அவற்றை வாளியில் முக்கிக் கழுவி வருகிறார்கள். கடைக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டாலும் பைகள் பிழைத்து எழுந்து வருகின்றன. நானும் அப்படித்தான் செய்கிறேன். முதலில் ஒரு வெள்ளைத் துணியை நனைத்து பையின் அடியில் அழுத்திப் பார்ப்பேன். சாயம் தாராளமாகத் துணியில் ஏறினால் முக்கமாட்டேன். ஏறவில்லை என்றால் பைக்குள் இருக்கும் தூசியைத் தட்டி, பித்தளையைச் சுற்றியுள்ள பிசினைக் குச்சியால் நீக்கி, வெதுவெதுப்பான நீரில் குழந்தைகளுக்கான ஷாம்பூ சில துளி விட்டு முழுப்பையையும் அமிழ்த்துவேன். காற்றுக்குமிழ்கள் அடங்கும்வரை, கால் மணி நேரம்போல, அது உள்ளே இருக்கும். மெல்லிய பஞ்சால் நீவினால் தண்ணீர் பழுப்பாகும். ஒரு பையிலிருந்து எவ்வளவு வரும் என்று பார்க்காதவர்களுக்கு அதைச் சொல்லி விளங்கவைக்க முடியாது. சிகரெட் புகையும், கைவியர்வையும், பல ஆண்டுத் தூசியும், கொட்டிய காபியும் அதில் இருக்கின்றன. தெளியும்வரை நல்ல தண்ணீரில் அலசுவேன்.

அலசும் தண்ணீரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இரும்புச்சத்துள்ள போர் தண்ணீரைப் பட்டையில் பதனிட்ட தோலுக்குக் காட்டாதீர்கள். பட்டைச்சாறும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. கலம்காரித் துணியில் கடுக்காய் ஏற்றி, வெல்லத்தோடு புளிக்கவைத்த இரும்பு நீரால் கறுப்பு வரைகிறார்களே, அதே வேதியியல் உங்கள் பையிலும் நடக்கும். வடிகட்டிய குடிநீர் ஒரு கேன் செலவாவது பெரிய இழப்பில்லை.

நனைந்த தோல் காய்ந்தால் விறைத்துப் போகிறதே என்பது அடுத்த ஆட்சேபம். விறைப்பது உண்மை. தோலென்பது கொலாஜன் நார்களின் பின்னல். ஈரம் வெளியேறும்போது நார்கள் ஒன்றோடொன்று நெருங்கி ஒட்டிக்கொள்கின்றன. தொழிற்சாலையிலும் இது நடக்கிறது. அதனால்தான் அங்கே தோலைக் காயவைத்த பின், கொஞ்சம் ஈரப்பதம் இருக்கும் நிலையில், அடித்தும் நீட்டியும் இளக்குவதற்கென்றே ஒரு எந்திரம் வைத்திருக்கிறார்கள். வீட்டில் அந்த வேலையைக் கை செய்யும். பையைத் துண்டில் சுற்றி ஈரத்தை ஒற்றி எடுத்து, உள்ளே அச்சில்லாத வெள்ளைத் தாளோ பழைய துண்டோ அடைத்து உருவத்தை நிறுத்தி, மின்விசிறிக் காற்றில் நிழலில் வைக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் ஆகும். மழைக்காலமானால் கூடுதலாகவும் ஆகும். முக்கால் பங்கு உலர்ந்த கட்டத்தில் மடிப்புகளையும் பட்டையையும் கையால் பிசைந்து வளைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இதைச் செய்யாமல் வெயிலில் போட்டுவிட்டு, விறைத்த பையைத் தூக்கிக் காட்டி ‘பார்த்தீர்களா, தண்ணீர் பட்டதால்’ என்பது நியாயமான வாதம் ஆகாது.

இனி எண்ணெய்க்கு வருகிறேன். தோல் ஒரு காலத்தில் உயிருள்ளதாக இருந்தது என்பதால் அதற்குத் தீனி போட்டால் செழிக்கும் என்றொரு நம்பிக்கை ஆழமாக ஊன்றியிருக்கிறது. தேங்காய் எண்ணெய், ஆலிவ் எண்ணெய், விளக்கெண்ணெய், வாசலின் என்று வீட்டில் எது இருக்கிறதோ அது பைமேல் ஏறுகிறது. பதனிட்ட தோலுக்கு எதையும் செரிக்கும் உறுப்பு இல்லை. ஊற்றிய எண்ணெய் அங்கேயே கிடக்கும், காற்றோடு வினை புரியும், மாறும். தலைக்கு ஊற்றிக் குளிக்காமல் நாள்தோறும் எண்ணெய் மேல் எண்ணெயாக வைத்தால் முடி என்ன கதி ஆகுமோ, பழைய பையின் கைப்பிடி அந்தக் கதியில்தான் இருக்கிறது. கைப்பிடியைக் கறுக்கவைத்தது வியர்வையின் உப்பும் நம் சருமத்தின் எண்ணெயும். உப்பு எண்ணெயில் கரையாது, நீரில்தான் கரையும். கழுவாமல் எண்ணெய் தடவுகிறவர் அந்த உப்பை உள்ளே வைத்துப் பூட்டுகிறார்.

ஆலிவ் எண்ணெய் போன்றவை மெல்ல மெல்லக் காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்து காறும், அமிலமாகும், பிசுபிசுக்கும். பிசுபிசுப்பில் தூசி ஒட்டும், தூசி ஈரத்தை இழுக்கும், ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். தேங்காய் எண்ணெய் அவ்வளவு விரைவில் காறாது. ஆனால் சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறையும். குளிரூட்டிய அறையிலோ பெங்களூருக் குளிரிலோ பைமேல் வெள்ளைப் படலம் பூக்கும். அதைப் பூஞ்சை என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் எண்ணெய் தடவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எண்ணெய் அளவுக்கு மீறினால் வெளிர் நிறத் தோல் கறுக்கும், அந்தக் கறுப்பு திரும்பி வராது. தையல் நூல் பருத்தியானால் அதுவும் எண்ணெயில் ஊறிப் பலவீனப்படும். தோலின் உறுதி குறைந்து, பை தன் வடிவத்தை இழந்து தொங்கும்.

பித்தளையில் நடப்பது இன்னும் தெளிவான சாட்சி. பழைய பையின் ரிவெட்டையும் கொக்கியையும் சுற்றி மெழுகுபோன்ற பச்சைப் பிசின் கசிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ‘ஈரம் பட்டுத் துரு பிடித்துவிட்டது’ என்று விற்பவர் சொல்வார். பித்தளையில் இரும்புத் துரு பிடிக்காது. அந்தப் பச்சை, தோலில் உள்ள கொழுப்பு அமிலம் பித்தளையிலுள்ள செம்போடு சேர்ந்து உண்டாக்கிய உப்பு. குதிரைச் சேணமும் பட்டையும் வைத்திருக்கும் அருங்காட்சியகங்களுக்கு இது நெடுநாள் தலைவலி. எண்ணெய் தடவத் தடவ அந்தப் பிசின் பெருகும்.

அருங்காட்சியகங்களும் ஒரு காலத்தில் எண்ணெயை நம்பின. லனோலினும் தேன்மெழுகும் தேவதாரு எண்ணெயும் கரைப்பானில் கலந்து ‘பிரிட்டிஷ் மியூசியம் தோல் பூச்சு’ என்ற பெயரில் புகழ்பெற்ற ஒரு கலவை, பல நாடுகளின் நூலகங்களில் புத்தக அட்டைகளுக்குப் பல பத்தாண்டுகள் தடவப்பட்டது. பிசுபிசுப்பு, கறுப்பு, தூசி, வெள்ளைப் படலம் என்று விளைவுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்த பின், பாதுகாப்பு வல்லுநர்கள் அந்த வழக்கத்தைப் பெரும்பாலும் கைவிட்டார்கள். தோலைக் காப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் விட்டதை நாம் வீட்டில் விடாமல் செய்கிறோம்.

கழுவி உலர்ந்த பைக்குக் கொஞ்சம் கொழுப்பு தேவைப்படலாம் என்பதை மறுக்கவில்லை. தண்ணீர் சிறிதளவு மென்கொழுப்பைக் கொண்டுபோயிருக்கும். தோலுக்கென்று செய்த கண்டிஷனரை ஒரு பட்டாணி அளவு துணியில் எடுத்து, பை முழுக்கப் பரவும்படி மெல்லியதாகத் தேய்த்து, ஒரு நாள் விட்டு, மிஞ்சியதைத் துடைத்துவிட்டால் போதும். மீண்டும் வேண்டுமா என்பதைப் பை வளையும் விதம் சொல்லும். மாதா மாதம் தடவச் சொல்பவர் அநேகமாக கண்டிஷனர் விற்பவராக இருப்பார்.

வீட்டு வைத்தியங்களை நீட்டி எழுத வேண்டியதில்லை. தோல் இயல்பிலேயே சற்று அமிலத்தன்மை உடையது. துணி சோப்பும் சமையல் சோடாவும் காரம், வினிகர் தோலைவிட மிகுந்த அமிலம், பற்பசை மேற்பரப்பைச் சுரண்டும், நகப்பூச்சு நீக்கியும் சானிடைசரும் பூச்சையே கரைக்கும். பேனா மையை எடுக்க இவற்றைத் தேய்த்து மைக்கறையைவிடப் பெரிய வெள்ளைத் திட்டை உண்டாக்கிய பைகள் ஏராளம். மைக்கறை இருந்துவிட்டுப் போகட்டும். தண்ணீருக்குப் பயப்படுகிற அதே மனிதர் தயங்காமல் நகப்பூச்சு நீக்கியை எடுப்பதுதான் எனக்கு விளங்காதது.

தண்ணீர் உண்மையிலேயே ஆகாத இடங்கள் உண்டு, அவற்றை மறைத்தால் நான் சொல்வதும் இன்னொரு குருட்டுச் சட்டமாகிவிடும். லைனிங்குக்கும் தோலுக்கும் நடுவே அட்டை வைத்த பையை முக்கினால் அட்டை ஊறி நெளியும். அதை ஈரத்துணியால் சீராகத் துடைக்கலாம், அமிழ்த்தக் கூடாது. ஸ்வேடு தோலின் மயிர்ப்பரப்பு நனைந்தால் படிந்துபோகும். இரண்டு நிறம் சேர்த்துத் தைத்த பையில் ஒன்றின் சாயம் மற்றதில் ஏறலாம். லைனிங்கில் பாலியூரிதேன் பூச்சு இருந்து, அது பிசுபிசுத்து உதிர்கிறது என்றால் காற்றின் ஈரமே அதை ஏற்கெனவே சிதைத்துவிட்டது என்று பொருள். அதைக் கழுவியும் பயனில்லை, பூசியும் பயனில்லை, லைனிங்கை மாற்ற வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது தோலின் செந்நோய். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பட்டையில் பதனிட்ட பல தோல்கள் செம்பொடியாக உதிர்கின்றன. விரலால் தேய்த்தால் செங்கல் தூள்போல் ஒட்டும். அப்படிப்பட்ட தோலில் தண்ணீர் பட்டால் கறுத்து இறுகிவிடும், மீட்க வழியில்லை. லண்டனில் கலைச் சங்கம் அமைத்த ஒரு குழு, புத்தகக் கட்டுக்கான தோல்கள் ஏன் இப்படி அழிகின்றன என்று ஆராய்ந்து 1901இலும் 1905இலும் அறிக்கை தந்தது. எரிவாயு விளக்குகளின் புகை, வெளிச்சம், சூடு, பதனிடும்போது சேர்த்த அமிலம் எல்லாம் குற்றவாளிப் பட்டியலில் இருந்தன. சுமாக் இலையில் பதனிட்ட தோல் தாக்குப்பிடித்தது. மிக மோசம் என்று அவர்கள் ஒதுக்கியது இந்தியாவிலிருந்து போன தோலை, அதாவது நம் ஆவாரம்பட்டையில் பதனிட்டதை. நமக்கு அது கசப்பான செய்திதான். ஆனாலும் அது சொல்லும் உண்மை என் பக்கம் இருக்கிறது. அந்தத் தோல்களை அழித்தவை அமிலமும் புகையும் வெளிச்சமும் சூடும். தண்ணீர் அழித்ததாக அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. நோய் முற்றிய தோலுக்கு மட்டும் தண்ணீர் நஞ்சு. அதற்கு எண்ணெயும் மருந்தாகாது. ஆல்கஹாலில் கரைத்த செல்லுலோஸ் வகைப் பசையால் பொடியைப் பிணைத்து நிறுத்துவதுதான் இன்றைய நூலக வழக்கம். 1960களுக்குப் பிந்திய ஒரு ஹேண்ட்பேக்கில் இந்த நோயை நீங்கள் காண்பது அரிது. அம்மாவின் பெட்டியில் கிடைத்த பாட்டன் காலத்துத் தோற்பையானால் முதலில் விரலால் தேய்த்துப் பாருங்கள்.

பழமையின் அழகே போய்விடுமே என்றொரு வாதம் உண்டு. பையை ரசிப்பவர்கள் சொல்வது என்பதால் இதற்கு மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும். வெளிச்சத்தில் ஆழ்ந்த நிறம், தோளில் உராய்ந்து உருண்ட ஓரம், மூடியின் வளைவில் விழுந்த கோடுகள் எல்லாம் தோலின் மாற்றங்கள். அவை நார்களில் இருக்கின்றன. தண்ணீர் அவற்றைத் தொடாது. தண்ணீரோடு போவது அழுக்கு மட்டும். கழுவிய பையைப் பாருங்கள், மங்கலுக்கு அடியிலிருந்த வயது அப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த அழகைக் கொல்வது வேறொரு வழக்கம். கழுவப் பயந்து, அழுக்கின் மேலேயே அக்ரிலிக் சாயத்தைத் தெளித்துப் ‘புதுசு மாதிரி’ ஆக்கி விற்கிறார்கள். தோலின் துளைகள் அடைபட்டு, ரெக்சின் போல மொழுமொழுவென்று, வளைக்கும் இடத்தில் வெடித்து உரிகிறது. நாற்பது ஆண்டு உழைத்த தோலை இப்படி முகமூடி போட்டு விற்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. தோல் சும்மா வருவதில்லை. ஒரு மாட்டின் உடலிலிருந்து வருகிறது. அதற்கு மேல் ஒரு ஆறு விலை கொடுக்கிறது. பாலாற்றங்கரையில் வாழ்பவர்களுக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பதனிடும் கழிவால் அந்த ஆறும் கிணறுகளும் வயல்களும் கெட்ட கதையை வேலூர் மக்கள் நல மன்ற வழக்கில் 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பே பதிவு செய்திருக்கிறது. புதிய தோலுக்கு ஆகும் கேட்டைக் குறைக்க வீட்டிலிருந்து நம்மால் செய்ய முடிகிற காரியங்களில் ஒன்று, ஏற்கெனவே பதனிட்டு முடிந்த தோலை இன்னும் முப்பது ஆண்டு புழங்கவைப்பது. அதைத் தடுக்கும் ஒரு பொய்யான பயத்தை, சின்ன விஷயம்தானே என்று விட்டுவிட எனக்கு மனமில்லை.

யாரோ புழங்கிய பையை எப்படித் தொடுவது என்ற அருவருப்பும் பலருக்கு உண்டு. துடைத்து எண்ணெய் பூசிய பையைப் பற்றி அந்த அருவருப்பு சரியே, முந்தியவரின் வியர்வை உள்ளேதான் இருக்கிறது. முக்கிக் கழுவிய பைக்கு அது பொருந்தாது. பாச்சா உருண்டை நாற்றமும் சிகரெட் நெடியும் வாசனைத் திரவியத்துக்கு அசையாதவை, இரண்டு தண்ணீர் அலசியதும் ஓரளவு இறங்கிவிடும். எஞ்சியதைத் திறந்த காற்று பார்த்துக்கொள்ளும்.

முதல்முறை கழுவுகிறவர்கள் லைனிங் இல்லாத, விலை மலிந்த, ஒரே நிறப் பையை எடுத்துக்கொள்ளுங்கள். தோல்தானா என்ற ஐயம் இருந்தால் அடிப்பக்கத்தில் ஒரு துளி நீர் விட்டுப் பாருங்கள். கறுத்து உள்ளே இறங்கினால் பூச்சில்லாத தோல். அப்படியே உருண்டு நின்றால் பூச்சுள்ளது அல்லது ரெக்சின். அந்த வகையை முக்காமல், ஈரத்துணியால் துடைத்தாலே அழுக்கு வந்துவிடும். கொக்கிகளில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் உள்ளே இரும்பு இருக்கிறது, கழுவியதும் அதை முதலில் துடைத்து உலர்த்துங்கள். காய்ந்த பின் நிறம் வெளுத்த முனைகளுக்கு அந்த நிறத் தோல் கிரீமைத் துணியில் தொட்டுத் தடவினால் போதும், முழுப்பைக்கும் வேண்டாம். பையை மறுபடி பிளாஸ்டிக்கில் சுற்றி பீரோவில் அடைக்காதீர்கள். சென்னை ஈரப்பதத்தில் அதைவிட நல்ல பூஞ்சைப் பண்ணை கிடையாது. தோளில் மாட்டி அலுவலகத்துக்குக் கொண்டு போங்கள். வளைந்து கொடுத்துக்கொண்டே இருக்கும் தோல்தான் மென்மையாக இருக்கும். வழியில் மழை பிடித்துக்கொண்டால் வீட்டுக்கு வந்ததும் நனைந்த இடத்தை மட்டும் ஒற்றி எடுக்காமல், ஈரத்துணியால் பை முழுவதையும் சீராக நனைத்து, உள்ளே தாளை அடைத்து, மின்விசிறிக்குக் கீழே வையுங்கள்.